ஒரு சொட்டு இரத்தம், இரண்டு எண்கள்

ஷர்மினி போன மாதம் கேட்டாள். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் நான் உட்கார்ந்திருந்த மேசையில் இப்போது இருப்பவள் அவள். கையில் ஒட்டிக்கொண்டால் நாள்கணக்கில் இரத்தச் சர்க்கரையை அளந்துகொண்டே இருக்கும் உணரியைச் செய்ய எங்கள் தொழிற்சாலையில் புதிய பிரிவு திறந்திருக்கிறார்களாம். வேலைக்குப் புது ஆட்கள் நிறைய வந்திருக்கிறார்கள்.

“எஸ்ஓபி எல்லாம் அவங்க படிச்சுக்குவாங்கக்கா. அதுல இல்லாதத நீங்க எழுதிக் குடுங்க” என்றாள்.

எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, எஸ்ஓபியில், அதாவது வேலைக்கான விதிமுறைப் புத்தகத்தில், இல்லாதது என்று என்னிடம் இருப்பவை இரண்டு மூன்று நாட்கள் மட்டுமே. மற்ற வருடங்கள் எல்லாம் ஒன்றுபோலவே நடந்து முடிந்திருக்கின்றன. அந்த இரண்டு மூன்று நாட்களை எழுதுகிறேன்.

நான் செலின். மலேசியாவில், ஜோகூர் மாநிலத்துச் செடெனாக் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். வேதியியலில் டிப்ளோமா முடித்ததும் பண்டார் தெங்காராவைத் தாண்டி உள்ளே இருந்த ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் ஆய்வுக்கூட உதவியாளர் வேலை கிடைத்தது. ஆலையின் கழிவுநீர் குளம் குளமாகத் தேங்கித் தெளிந்து கடைசியில் ஆற்றில் கலக்கும். கலப்பதற்கு முன் அது ஆற்றை எவ்வளவு கெடுக்கும் என்று அளந்து எழுத வேண்டும். அதுதான் என் வேலை. நீரைப் போத்தலில் பிடித்து, வெப்பம் மாறாத பெட்டிக்குள் மூன்று நாள் வைத்து, அதிலிருக்கும் நுண்ணுயிர்கள் எவ்வளவு பிராணவாயுவைத் தின்று தீர்த்தன என்று பார்ப்போம். அழுக்கு அதிகம் என்றால் தீனி அதிகம். தீனி அதிகம் என்றால் பிராணவாயு அவ்வளவு வேகமாகக் குறையும். கணக்கு சரிதான். ஆனால் என் பதில் மூன்றாம் நாள் வரும்போது அந்த நீர் ஆற்றோடு எங்கேயோ போயிருக்கும்.

ஒரு நாள் பல்கலைக்கழகத்திலிருந்து இருவர் ஒரு சிறிய கருவியைக் கொண்டுவந்து பரிசோதனைக்கென்று எங்களிடம் விட்டுப் போனார்கள். அதன் நுனியில் மெல்லிய இரண்டு சவ்வுகளுக்கு நடுவே உயிருள்ள ஈஸ்ட் அடைத்திருந்தது. ரொட்டி மாவைப் புளிக்க வைக்கிற அதே இனம்தான். அதற்கு அடியில் பிராணவாயுவை அளக்கும் மின்முனை. கழிவுநீரில் நுனியை வைத்தால் ஈஸ்ட் தின்னத் தொடங்கும், பிராணவாயு குறையும், மின்முனை அதை எண்ணாக மாற்றிக் காட்டும். அரை மணி நேரத்துக்குள் பதில். உயிருள்ள ஒன்று கண்டுகொள்கிறது, உயிரில்லாத ஒன்று அதை மின்சாரமாக மொழிபெயர்க்கிறது. பயோசென்சர் எல்லாமே இவ்வளவுதான். பிறகு நான் பார்த்த எல்லா உணரிகளும் இந்த ஜோடியின் வேறு வேறு உருவங்கள்தாம்.

மூன்றாவது வாரம் அது திடீரென்று எதையும் காட்டாமல் நின்றுவிட்டது. மானேஜர் கருவி கெட்டுவிட்டது, பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பு என்றார். எனக்கு மனது கேட்கவில்லை. நுனியைக் கழற்றிப் புது ஈஸ்ட் வைத்தேன். சீனித் தண்ணீரில் நன்றாக வேலை செய்தது. குளத்து நீரில் வைத்தேன், மறுபடியும் செத்தது. அப்போதுதான் புரிந்தது, கருவிக்கு ஒன்றும் ஆகவில்லை. நீரில் இருந்த ஏதோ ஒன்று ஈஸ்டைக் கொன்றிருக்கிறது. வடிகாலைப் பிடித்துக்கொண்டே மேலே நடந்தேன். தொட்டி கழுவும் காரம் ஒரு குழாய் வழியாகக் கசிந்து குளத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அன்று மத்தியானமே மதகை மூடினார்கள். மானேஜர் என்னிடம் வந்து, ஆச்சரியத்தோடு, “அலாமாக், அது செத்துத்தான் நம்மகிட்ட சொல்லிச்சா?” என்று கேட்டுவிட்டு அந்தக் கருவியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இப்படிப்பட்ட உணரிகளோடே வேலை செய்ய வேண்டும் என்ற ஆசையில்தான், கூலாய் பக்கம் இரத்தச் சர்க்கரை அளக்கும் சோதனைப் பட்டை செய்யும் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் விண்ணப்பம் போட்டேன். அங்கேதான் ஹாஜா சாரைப் பார்த்தேன்.

தரக்கட்டுப்பாட்டு மேலாளர். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். ஜோகூர் பாருவில் அவருடைய அப்பா, அவர் வாயில் அத்தா, சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். அண்ணன் தம்பிகள் எல்லாம் கடையில் இருக்க, இவர் ஒருத்தர்தான் உயிர்வேதியியல் படித்து வெளியே வந்தவர். யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். தப்பு என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. ஏதாவது சந்தேகம் என்றால், “இன்னொரு தடவ காட்டுங்க” என்பார். நான் திரும்பச் செய்வேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பார். பாதியில் எனக்கே என் பிழை தெரிந்துவிடும். தெரிந்தது என்று என் முகத்தில் கண்டதும் சத்தமில்லாமல் அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடுவார்.

பட்டை செய்யும் முறையைப் புதியவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் தாளில் கார்பன் மையால் மின்பாதைகளை அச்சடிப்போம், டி-சட்டையில் படம் அச்சடிக்கிற அதே திரை முறைதான். அதன் மேல் என்சைம் கரைசல் ஒரு துளி. என்சைம் ஒரு புரதம். நாங்கள் வைப்பது குளுக்கோஸைக் கண்டால் மட்டும் பிடித்துக்கொண்டு, அதிலிருந்து மின்னணுக்களை உருவி எடுத்துவிடும். கூடவே கலந்திருக்கும் இன்னொரு பொருள் அந்த மின்னணுக்களைச் சுமந்துபோய்க் கார்பனில் சேர்க்கும். குளுக்கோஸ் எவ்வளவோ அவ்வளவு மின்சாரம். சில விநாடிகளில் மீட்டரில் எண் வரும்.

இந்த என்சைமுக்குப் பெரிய எதிரி ஈரம். எங்கள் ஊரிலோ ஈரத்துக்குப் பஞ்சமே கிடையாது. அதனால் பட்டைகளைப் போத்தலில் அடைக்கும் அறையில் காற்றை உலர்த்தி வைத்திருப்போம். வெளியே மழை கொட்டும், உள்ளே எங்களுக்கு உதடு வெடிக்கும். ஹாஜா சார் அந்த அறைக்கு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு மூடி அடையும் சத்தத்தைக் கேட்பார். ஒரு மூடியின் ‘டக்’ கொஞ்சம் மந்தமாகக் கேட்டால் போதும், அந்தப் போத்தலை எடுத்துத் தனியாக வைத்துவிடுவார்.

ஒவ்வொரு தொகுதியும் எல்லாச் சோதனையும் முடிந்து வெளியே போகும் முன் அவர் தன் விரலிலேயே குத்தி ஒரு பட்டையில் பார்ப்பார். விதிமுறையில் அப்படி ஒன்றும் இல்லை. எந்தப் படிவத்திலும் எழுத முடியாது. ஒரு நாள் ஏன் சார் என்று கேட்டேன். சட்டியைக் கடைக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பதற்குள் அத்தா ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுப் பார்ப்பார் என்றார். அதற்கு மேல் விளக்கம் இல்லை. நுனியில் குத்தினால் வலிக்கும், பக்கவாட்டில் குத்த வேண்டும் என்று மட்டும் காட்டிக் கொடுத்தார். அவர் விரல்களின் ஓரம் எல்லாம் தடித்துப் போயிருக்கும்.

இடையில் பல வேலைகள் செய்தோம். மீன் எவ்வளவு பழசு என்று சொல்லும் உணரி ஒன்றைக்கூடச் செய்து பார்த்தோம். மீன் செத்த பிறகு நேரம் ஆக ஆக அதன் சதையில் சேரும் ஒரு பொருளை என்சைம் கண்டுபிடிக்கும். பொந்தியானில் மீன் கடை முதலாளியான தவுக்கே ஒருவர், நாங்கள் சதையை அரைத்துக் கரைத்து எண் எடுக்கும் வரை பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து அதே பதிலைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். ஹாஜா சாரும் சேர்ந்து சிரித்தார். ஆனாலும் அந்தக் கருவி பிறகு சிங்கப்பூருக்கு மீன் அனுப்பும் ஒரு நிறுவனத்தில் வருடக்கணக்காக ஓடியது.

இனி, அந்த ஒரு புகாரைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் என்சைமை மாற்றிய வருடம் அது. பழைய என்சைம் வேலை செய்யும்போது இரத்தத்தில் உள்ள பிராணவாயு குறுக்கே வரும். மூச்சுத்திணறல் உள்ளவர்களுக்கு, பிராணவாயு ஏற்றப்படுபவர்களுக்கு எண் கொஞ்சம் தவறும். புதியதற்கு அந்தத் தொல்லை இல்லை, வேகமும் கூட. எல்லோருக்கும் சந்தோஷம். இரத்தத்தில் வேறு என்ன கலந்திருந்தால் எண் மாறும் என்று சோதிக்கும் பட்டியலை நான்தான் தயார் செய்தேன். வைட்டமின் சி, காய்ச்சல் மாத்திரை, யூரிக் அமிலம் என்று நீண்ட பட்டியல். எல்லாவற்றிலும் தேறியது. கீழே நான் கையெழுத்திட்டேன். மேலே ஹாஜா சார்.

சில மாதம் கழித்துப் பெக்கான் நானாஸிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டார். பெயர் லெட்சுமி. கணவர் ராமையா, அன்னாசி ஏற்றும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். நீரிழிவு, சிறுநீரகமும் போய்விட்டது. உங்கள் மீட்டர் காட்டும் எண்ணும் கிளினிக்கில் காட்டும் எண்ணும் ஒத்துப்போகவில்லை, உங்களுடையது எப்போதும் அதிகமாகவே காட்டுகிறது என்றார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். சாலையோரம் அன்னாசி வெட்டி விற்கிறோம், அவரும் உட்கார்ந்து தோல் சீவுவார் என்றார். அதற்கு மேல் நான் யோசிக்கவே இல்லை. பழச்சாறு விரலில் இருந்தால் எண் ஏறும் என்பது எங்கள் வேலையில் முதல் பாடம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகு குத்துங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இரண்டு வாரத்தில் மறுபடியும் கூப்பிட்டார். கழுவித்தான் குத்துகிறேன், அப்படியும் அதிகம் என்றார். அவரிடமிருந்த போத்தலை வரவழைத்தோம். அதே தொகுதியிலிருந்து நாங்கள் எடுத்து வைத்திருந்த பட்டைகளையும் சேர்த்துச் சோதித்தேன். இம்மியும் பிசகில்லை. ‘குறை எதுவும் இல்லை, பயன்படுத்தும் முறையைச் சரிபார்க்கவும்’ என்று கடிதம் போனது. அதைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.

மூன்றாவது தடவை அவர் கூப்பிட்டபோது குரல் மாறியிருந்தது. போன வாரம் காலையில் மீட்டர் பதினான்கு காட்டியது, டாக்டர் சொல்லியிருந்தபடி இன்சுலினைக் கூட்டிப் போட்டேன், மனிதர் நினைவில்லாமல் விழுந்துவிட்டார், மருத்துவமனையில் பார்த்தால் சர்க்கரை மூன்றுக்கும் கீழே என்றார். எங்கள் நாட்டு அளவில் நான்கிலிருந்து ஏழு வரைதான் சாதாரணம், மூன்றுக்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்து. அவர் நிறுத்தவில்லை.

“இன்னிக்குக் காலையிலயும் பதிமூனுதான் காட்டிச்சு. ஆனா அவரு நெத்தியெல்லாம் வேர்வ, கை நடுங்குது. மிசினு ஒன்னு சொல்லுது, நெத்தி ஒன்னு சொல்லுது. நான் நெத்திய நம்பிட்டேன்மா. ஊசி போடல. சூசு பாலு ஊத்தி இனிப்பாத் தேத்தண்ணி குடுத்தேன். இப்ப எந்திரிச்சு உக்காந்திருக்காரு. நீங்க வந்து பாருங்க. நான் இனிமே போன்ல பேச மாட்டேன்.”

இதை அப்படியே ஹாஜா சாரிடம் சொன்னேன். எழுந்து நின்றபடியே கேட்டார். பிறகு, “நாம பட்டையத்தான பார்த்தோம் செலின், அவர நாம பார்க்கலியே” என்றார். அடுத்த அரை மணியில் அவர் காரில் பெக்கான் நானாஸுக்குப் புறப்பட்டுவிட்டோம். மீட்டர்கள், புதுப் பட்டை, கிடங்கில் மிச்சமிருந்த பழைய என்சைம் பட்டை எல்லாவற்றையும் பெட்டியில் எடுத்துக்கொண்டேன்.

தாமான் குடியிருப்பில் ஒரு சின்ன வீடு. ராமையா முன் அறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவர் என்பதால் சுவரோரம் மருந்துநீர்ப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. லெட்சுமி அக்காவை எப்போதும் செய்வது போலச் செய்யச் சொன்னார் ஹாஜா சார். அக்கா கணவரைக் கையைப் பிடித்துக் குழாயடிக்கு அழைத்துப்போனார். சோப்புப் போட்டு விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்தார். வெள்ளைத் துணியில் ஒற்றினார். குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவதைப் பட்டையில் வைத்தார். நாங்கள் பயிற்சி கொடுக்கும் ஆட்களில்கூட அவ்வளவு சுத்தமாகச் செய்தவர்களை நான் பார்த்ததில்லை.

மீட்டரில் பன்னிரண்டு புள்ளி எட்டு. அதே சொட்டில் நான் பழைய பட்டையை வைத்தேன். நான்கு புள்ளி ஒன்று.

“இன்னொரு தடவ காட்டுங்க” என்றார் ஹாஜா சார். வேறு விரல், வேறு போத்தல். அதே கதை. உடனே தன் விரலைக் குத்தி இரண்டு பட்டையிலும் வைத்தார். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே எண். மீட்டரில் குறை இல்லை, பட்டையில் குறை இல்லை, கையில் அன்னாசியும் இல்லை. அப்படியென்றால் ராமையாவின் இரத்தத்தில், மற்றவர்கள் இரத்தத்தில் இல்லாத ஏதோ ஒன்று இருக்கிறது.

இவர் உடம்புக்குள் என்னென்ன போகிறது என்று கேட்டோம். லெட்சுமி அக்கா மாத்திரைகளைக் காட்டினார். எல்லாம் என் பட்டியலில் இருந்தவைதான். என் கண் சுவரோரப் பெட்டிகள் மேல் போனது. பகலில் மாற்றும் பைகள் ஒரு நிறம். படுக்கும் முன் வயிற்றில் ஏற்றிக் காலையில் இறக்கும் பை மட்டும் வேறு நிறம். அதை இரண்டு மாதம் முன்னால்தான் மாற்றிக் கொடுத்தார்கள் என்றார் லெட்சுமி அக்கா. லேபிளைப் படித்தேன். அதில் இருந்தது குளுக்கோஸ் இல்லை. மாவுச்சத்தைப் போன்ற நீண்ட சங்கிலி. அது இரத்தத்தில் கலந்து துண்டாகும்போது மால்டோஸ் ஆகும். மால்டோஸ் என்பது கைகோத்து நிற்கும் இரண்டு குளுக்கோஸ். பழைய என்சைம் அதைத் தொடாது. எங்கள் புது என்சைம் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து, குளுக்கோஸ் என்றே பிடித்துக்கொள்ளும்.

சாதாரண மனிதர் இரத்தத்தில் மால்டோஸ் இருப்பதேயில்லை என்று சொல்லலாம். அதனால் என் பட்டியலில் அது இல்லை.

புதுப் பட்டைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு பழையவற்றைக் கொடுத்தோம். அங்கிருந்தே டயாலிசிஸ் தாதியைக் கூப்பிட்டு ஹாஜா சார் விஷயத்தைச் சொன்னார். திரும்பும் வழியில், அந்தப் பட்டியலைப் போட்டவள் நான், நான்தான் விட்டுவிட்டேன் என்று சொன்னேன்.  அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே, “நீங்க போட்டீங்க, நான் படிச்சுப் பார்த்துதான் சைன் பண்ணேன். ரெண்டு பேருமா சேர்ந்து போய்ச் சொல்லலாம்” என்றார்.

சொல்வதற்கு முன் நிரூபிக்க வேண்டும். மறுநாள் காலை சோதனை இரத்தத்தைக் குப்பியோடு வெதுவெதுப்பான நீரில் வைத்தேன். அணுக்கள் தாங்களே சர்க்கரையைத் தின்று குறைக்கும் வரை காத்திருந்தேன். பட்டையும் பெரிய பகுப்பாய்வுக் கருவியும் ஒருமித்து இரண்டரை என்றன. அதில் கொஞ்சம் மால்டோஸ் கலந்தேன். பெரிய கருவி அதே இரண்டரையில் நின்றது. எங்கள் பட்டை ஒன்பதைத் தாண்டியது. ஹாஜா சார் பின்னால் நின்று பார்த்தார். அன்று அவர் இன்னொரு தடவை காட்டச் சொல்லவில்லை. நானாகவே இன்னும் பத்துத் தடவை செய்தேன்.

மேலிடத்துக் கூட்டத்தில் விற்பனை மேலாளர், இது ஒரே ஒரு நோயாளி, அடுத்த அச்சில் குறிப்புத்தாளில் ஒரு வரி சேர்த்துவிடலாம் என்றார். அநியாயமான மனிதர் இல்லை அவர், பயந்திருந்தார். ஹாஜா சார் என் தாளை மேசையில் வைத்து, மெதுவாகத்தான் பேசினார்.

“ஒருத்தர் பொழச்சிருக்காரு. அவர் வீட்ல லெட்சுமி இருந்தாங்க. அடுத்த வீட்லயும் ஒரு லெட்சுமி இருப்பாங்கன்னு நாம எப்படிச் சொல்ல முடியும்?”

 அன்றே பட்டை வெளியே போவதை நிறுத்தினார்கள். இந்த மருந்துநீர் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தப் பட்டை கூடாது என்று மருத்துவமனைகளுக்கும் டயாலிசிஸ் நிலையங்களுக்கும் கடிதம் போனது. கடிதத்தை யாராவது கோப்பில் வைத்து மறந்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம். ஒவ்வோர் இடமாகக் கூப்பிட்டு, தாதியின் குரலைக் கேட்டு, அவர் வாயால் விஷயத்தைத் திருப்பிச் சொல்லவைத்த பிறகுதான் பட்டியலில் கோடு போட்டேன். சில நிலையங்களில் அவர்களும் விளங்காத எண்களைப் பார்த்துக் குழம்பியிருந்தார்கள். மால்டோஸைத் தொடாத வேறோர் என்சைமைக் கண்டு, எல்லாச் சோதனையும் முடித்துப் புதுப் பட்டை வெளியே போக ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. என் சோதனைப் பட்டியலில் மால்டோஸ் முதல் வரிக்குப் போனது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது என்று ஷர்மினி சொல்கிறாள்.

கடிதங்கள் போன வாரத்திலேயே நானும் ஹாஜா சாரும் மறுபடி பெக்கான் நானாஸுக்குப் போனோம். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னோம். எந்தச் சோதனையை நாங்கள் செய்யாமல் விட்டோம், அதனால் எண் எப்படி ஏறியது, எல்லாம். மன்னிப்புக் கேட்டோம். அவர் திட்டுவார் என்று நான் எதிர்பார்த்துப் போயிருந்தேன். லெட்சுமி அக்கா மடியில் கை வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

“அப்ப, நான் கைய சரியாத்தான் கழுவியிருக்கேன்?” என்றார்.

ஆமாம் அக்கா என்றேன்.

“சிங்கப்பூர்ல இருக்கற மக தெனமும் போன் போட்டு ஏசுறா, ஒழுங்காச் செய்யலன்னு. கிளினிக்லயும் அதத்தான் சொன்னாங்க. நீங்களும் சொன்னீங்க. நான் சரியாத்தான் செஞ்சேன்னு கொஞ்சம் எழுதிக் குடுங்க.”

நட்ட ஈடோ வேறெதுவோ அவர் கேட்கவில்லை. ஹாஜா சார் பையிலிருந்து தொழிற்சாலைக் கடிதத்தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். அவருக்குத் தமிழ் எழுத்து அவ்வளவு வராது. அவர் சொல்ல நான் எழுதினேன். திருமதி லெட்சுமி தம் கணவரின் கையைச் சரியாகக் கழுவி, சரியாகச் சோதித்தார். பிழை எங்கள் பட்டையில் இருந்தது. எண்ணை நம்பாமல் அவர் கணவரைக் காப்பாற்றினார். நான் கையெழுத்திட்டேன். ஹாஜா சார் கையெழுத்திட்டார்.

லெட்சுமி அக்கா தாளை வாங்கி ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படித்தார். சாய்ந்து உட்கார்ந்திருந்த ராமையா என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

“அந்தப் பேனாவ இங்க குடுங்க. நானுந்தான் இவள ஏசுனேன்.”

எங்கள் இரண்டு கையெழுத்துக்கும் கீழே அவரும் தம் பெயரை எழுதினார்.